ஒலி எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து, அக்கரையில் துணி துவைப்பவரைப் பாருங்கள். துணி கல்லில் விழும்; சத்தம் வராது. கை மறுபடி மேலே போகும்போதுதான் 'தொப்'பென்று கேட்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 170 மீட்டர் தள்ளி நின்றால் அரை நொடி தாமதம். அந்த அரை நொடியும் சத்தம் எங்கே இருந்தது என்று சிறுவயதில் ஆச்சியிடம் கேட்டேன். "ஆத்துல நீஞ்சி வந்திருக்கும்லே" என்றாள்.

பெரியவர்களும் இதற்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒலி ஆகாயத்தின் குணம் (ஆகாயம் என்றால் காற்று அல்ல, எங்கும் நிறைந்த வெளி), நீரலைபோல ஒன்றையொன்று பிறப்பித்துக் காதுக்கு வருகிறது என்றார்கள் வைசேடிகர்கள் என்ற பழைய தத்துவப் பிரிவினர். இல்லை, ஒலியும் ஒரு பொருளே, அணுக்களின் திரள் என்றார்கள் சமணர்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் எழுத்தை 'அணுத்திரள் ஒலி' என்பது அந்த வழியில்தான். அந்தச் சமண நூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கர நமச்சிவாயர் நம் திருநெல்வேலிச் சைவர். அந்த உரையைத் திருத்திய சிவஞான முனிவர் விக்கிரமசிங்கபுரத்துக்காரர். சமயம் வேறு, இலக்கணம் வேறு என்றிருந்த காலம்!

1660-ல் ராபர்ட் பாயில், கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு கடிகாரத்தைத் தொங்கவிட்டுக் காற்றை உறிஞ்சினார். 'டிக் டிக்' தேய்ந்து நின்றது. ஆகாயக் கட்சி தோற்றது. அணுக் கட்சியும் ஜெயிக்கவில்லை. காற்றின் துகள்கள் நம் காதுவரை பயணம் வருவதில்லை, இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றன. 'அன்றே சொன்னோம்' என்று மீசை முறுக்க வேண்டாம். அலை உவமை மட்டும் தப்பிப் பிழைத்தது.

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களுக்கு வருகிறேன். ஒரே கல்லில் நடுவே பெரிய தூண், சுற்றிலும் சின்னத் தூண்கள். தம்புராவில் கம்பி தடித்தால் சுருதி இறங்கும். கல் தூண் தடித்தால் ஏறும்! கம்பியை ஆட வைப்பது இழுப்பு. தூணை ஆட வைப்பது அதன் விறைப்பு. தடிக்கத் தடிக்க எடையை முந்திக்கொண்டு விறைப்பு கூடும். நீளத்தை இரட்டித்தால் கம்பியின் அதிர்வெண் பாதியாகும். தூணுக்கோ, கணக்குப்படி, காலாகும்.

சிற்பி செதுக்குவதும் தட்டிக் கேட்பதுமாக இருந்திருப்பார். வீணைக்காரருக்குப் பிரடை உண்டு, திருகிக்கொள்ளலாம். இவர் ஒரு சில்லு கூடுதலாகப் பெயர்த்துவிட்டால் சுருதி இறங்கிவிடும். அதை ஏற்றுவதற்குப் பெயர்த்த கல்லை எங்கே ஒட்டுவார்?