குவைத்தில் பிறந்த சித்திரை

(இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியிலுள்ள ஆரையம்பதியில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், மடியில் பிள்ளைகளோடு பின்வரிசையில் இருக்கிற தாய்மாருக்கும் வணக்கம்.

குவைத்தில் 7 வருடம் வீட்டுவேலை செய்தவள் நான். நம்முடைய பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்துவைக்கிறோம். அந்த வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் வாங்கத்தான் என்னைப்போல எத்தனையோ தாய்மார் விமானம் ஏறினோம்.

அங்கே ஏப்ரல் 14 வேலைநாள். பஞ்சாங்கம் பார்த்து அம்மா சொல்லும் நேரத்தில் இரண்டரை மணித்தியாலம் கழித்தால்தான் குவைத் நேரம். சூரியன் மேடராசிக்குள் புகுகிற கணம் உலகமெல்லாம் ஒன்றுதான், மணிக்கூடுதான் வேறு. இங்கே 14ஆம் திகதி விடியப்பறம் 3 மணிக்கு வருடம் பிறந்தால், டொரொன்டோவில் இருக்கிற பிள்ளைக்கு அது 13ஆம் திகதி பின்னேரம் 5.30. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். நாம் குளித்து, பொங்கி, பலகாரம் சாப்பிட்டு ஆறுதலாகக் கோல் எடுக்கும்போது அந்தப் பிள்ளை நித்திரையாகியிருக்கும்.

வருடப்பிறப்பன்று தலையில் வைத்துக் குளிக்கிற மருத்துநீருக்கு எங்கே போவது? தாழம்பூ, தாமரைப்பூ, வில்வம், அறுகு, துளசி எல்லாம் போட்டுக் காய்ச்சி இங்கே கோயிலில் ஐயா தருவார். அங்கே குழாய்த் தண்ணீர்தான். இரண்டாம் வருடம், உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். அடுத்த வீட்டில் வேலைசெய்த சிங்கள அக்கா, குருநாகல்காரி, மதிலுக்கு அந்தப்பக்கம் நின்றார். அவர்களுக்கும் நமக்கும் ஒரே வருடப்பிறப்பு. வருடம் பிறந்தபின் நல்லநேரம் பார்த்து மூத்தவர் கையால் தலைக்கு எண்ணெய் வைப்பது அவர்கள் வழக்கம். எட்டி என் உச்சந்தலையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டார். கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். மருத்துநீர் இல்லை என்றா இத்தனை நாள் ஏங்கினேன்? தலையில் படுகிற ஒரு கைக்குத்தான் ஏங்கியிருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். "கைவிசேஷத்துக்குக் காசு போடு மகள்" என்று சித்திரைக்கு முன்னமே ஊரிலிருந்து கோல் போகும். குற்றமாகச் சொல்லவில்லை, உழைக்கிறவளிடம்தானே கேட்க முடியும். ஆனால் கைவிசேஷம் மூத்தவர் இளையவருக்குக் கொடுப்பது. வெற்றிலையில் காசு வைத்து, கைநிறையக் கொடுப்பது. வருடம் முழுக்க அனுப்புகிறவளுக்கு அன்றைக்கு யார் கொடுக்கிறது?

நான் திரும்பி வந்த கிழமை அம்மா றங்குப்பெட்டியைத் திறந்தார். அடியில் ஒரு துணிமுடிச்சு. உள்ளே 7 நூறுரூபாய்த் தாள்கள், காய்ந்து நொறுங்கின வெற்றிலைகளோடு.

"உன்ட கைவிசேஷம் மகள். வருசா வருசம் எடுத்துவெச்சன்."

அந்தக் காசை நான் இன்னும் மாற்றவில்லை. சாமியறையில் இருக்கிறது.

இந்த முறை வீட்டில் வெற்றிலை அடுக்கும்போது, வெளிநாட்டில் இருக்கிறவளுக்கும் ஒன்று வையுங்கள். வருடப்பிறப்பை ஒட்டிய புண்ணியகாலத்திலேயே கோல் எடுத்து, "உன் பங்கு இங்கே இருக்கிறது" என்று சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் கடன், வட்டி, கூரைக்கு ஓடு பற்றிய கதை வேண்டாம்.

வாசலில் சுபநேரப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே குவைத், கட்டார், லண்டன், டொரொன்டோ நேரங்களையும் என் கையால் எழுதியிருக்கிறேன். போகும்போது உங்கள் பிள்ளை இருக்கிற ஊரின் நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.