ஒரே நிறுவனம், நாட்டுக்கு ஒரு முகம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஊழியர்களை ஒரு நிறுவனம் நன்றாக நடத்தினாலும் மோசமாக நடத்தினாலும், "அது அந்தக் கம்பெனியின் கலாசாரம்" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். ஒரே நிறுவனத்தை இரண்டு நாடுகளில் வைத்துப் பார்த்தால் மீதிப் பாதி தெரியும்.

ஜெர்மன் கார் கம்பெனியான ஃபோக்ஸ்வாகனை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் ஊழியர் தரப்புக்கு. ஓட்டு சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு, அவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பு ஆள். ஆனாலும் தொழிலாளியைக் கேட்காமல் அங்கே பெரிய முடிவு எடுப்பது கடினம். அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சட்டனூகாவில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தொழிற்சங்கம் வேண்டுமா என்று 2014இல் வாக்கெடுப்பு நடந்தபோது, மும்முரமாக எதிர்த்தவர்கள் அந்த மாநில அரசியல்வாதிகள். சங்கம் தோற்றது. 2019இலும் தோற்றது. 2024இல்தான் ஜெயித்தது. அதே கம்பெனிதான், ஆனால் கடல் தாண்டியதும் தொழிலாளியின் இடம் மாறிவிட்டது.

எதிர்த்திசையில் போன கதையும் உண்டு. அமெரிக்காவின் பெரிய கடைச் சங்கிலியான வால்மார்ட் 1997இல் ஜெர்மனிக்குப் போனது. காலையில் ஊழியர்கள் சேர்ந்து போடும் கோஷத்தையும் கூடவே கொண்டுபோனது. ஊழியர்களுக்குள் காதல் விவகாரம் கூடாது என்று விதி போட்டபோது, ஊழியர் குழு வழக்குப் போட்டது. மனிதரின் சொந்த வாழ்க்கையில் தலையிட உனக்கு உரிமையில்லை என்ற பொருளில் 2005இல் தீர்ப்பு வந்தது. 2006இல் வால்மார்ட் அங்கிருந்தே கிளம்பியது. காதல் தடைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கிருந்த மலிவு விலைக் கடைகளோடு போட்டி போட முடியவில்லை.

ஸ்வீடனில் சட்டம் வகுத்த குறைந்தபட்ச ஊதியமே கிடையாது. சங்கமும் முதலாளியும் போடும் கூட்டு ஒப்பந்தம்தான் எல்லாம். அதில் கையெழுத்துப் போட டெஸ்லா மறுத்ததால், 2023 அக்டோபரில் அதன் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆதரவாகத் துறைமுகத் தொழிலாளர்கள் அந்தக் கார்களை இறக்க மறுத்தார்கள். தபால் ஊழியர்கள் நம்பர் பிளேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்கள்! (கார் வாங்கியவர் பாடு என்ன ஆனதோ.)

அப்போ சட்டமும் ஒப்பந்தமும் இருந்தால் போதுமா? ஜப்பானைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. சம்பளத்தோடு விடுப்பு அங்கே ஏற்கெனவே உண்டு, எடுக்கத்தான் ஆளில்லை. சக ஊழியர் மேல் சுமை விழும், மேலதிகாரி முகம் கோணும் என்ற தயக்கம். கடைசியில் 2019 ஏப்ரல் முதல், பத்து நாளாவது விடுப்பு உள்ள ஊழியர் வருடத்துக்கு ஐந்து நாளாவது எடுக்கும்படி பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று விதி வந்தது. கேட்கிற பொறுப்பை ஊழியரின் தலையிலிருந்து இறக்கியது சரியான வேலை என்பேன்.

அமெரிக்காவிலோ, தனியார் ஊழியருக்குச் சம்பளத்தோடு வருடாந்திர விடுப்பு தரவேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவுமில்லை. தருவது நிறுவனத்தின் விருப்பம்.

ஆகவே வெளிநாட்டுக் கிளைக்கு மாற்றல் கேட்கும் நேயர்களே, நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள். அந்தக் கிளையில் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறதா, வேலையை விட்டு அனுப்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, விடுப்பை உண்மையில் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று அங்கே வேலை செய்பவரிடமே கேளுங்கள். மனிதவளத் துறையிடம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.