உலகப் பட்டியல்களும் எங்கள் ஊர்ப் பின்னேரமும்

(வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலைய ஆண்டு விழாவில், பரிசளிப்புக்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்து சிறப்பிக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, சிறப்பு விருந்தினரான பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, எங்கள் பாடசாலை அதிபர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் சங்கத்துத் தாய்மாரே, விளையாட்டுக் கழகத்துத் தம்பி தங்கைகளே, பரிசு வாங்கக் காத்திருக்கும் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தவிசாளர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது முறையல்ல. இன்றைக்கே வேறு இரண்டு ஊர்களில் நிகழ்ச்சி முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைக்கூட ஆறுதலாகச் சாப்பிடாமல் இங்கே வந்திருக்கிறார். போன மாரியில் எங்கள் மைதானத்தில் முழங்காலளவு வெள்ளம் நின்றபோது மண் பறித்துத் தந்தவர் அவர்தான். பிரதேச செயலாளர் அம்மா, நாங்கள் எந்தக் கடிதத்தோடு போனாலும் கதிரையில் இருத்தி வைத்துக் கேட்கிறவர். அதிபர் அவர்கள் பாடசாலை மண்டபத்தை ஒரு சதம் வாங்காமல் தந்திருக்கிறார். தாய்மார் விடியக்காலையிலிருந்து அடுப்படியில் நின்று வடையும் மோதகமும் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசம் மேடைவரை வருகிறது. கேடயங்களுக்குப் பணம் அனுப்பிய புலம்பெயர் உறவுகளுக்கும் இந்த மேடையிலிருந்து நன்றி.

விழாக் குழு எனக்குத் தந்த தலைப்பு, ‘உலகத் தரவரிசையில் நாங்கள் எங்கே?’ என்பது. நாடுகள், பல்கலைக்கழகங்கள், கடவுச்சீட்டுகள், விளையாட்டு என்று நான்கு பகுதியாகப் பேசக் குறிப்பெடுத்து வந்திருக்கிறேன். எவ்வளவுக்கு நேரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்குச் சொல்கிறேன்.

முதலில் நாடுகள். 1990ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணைக் கொண்டு வந்தது. பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று செய்த வேலை அது. அமர்த்தியா சென் துணை நின்றார். அதற்கு முன்னர் ஒரு நாட்டின் நிலையைப் பெரும்பாலும் அதன் வருமானத்தை வைத்தே சொன்னார்கள். இவர்கள் மக்களின் ஆயுளையும் கல்வியையும் அதோடு சேர்த்தார்கள். நல்ல மனதோடு செய்த காரியம். பணத்தில் சிறிய இலங்கை, தெற்காசியாவில் பல பெரிய நாடுகளுக்கு முன்னால் நிற்பது அதனால்தான். இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் வாங்கித் தந்த இடம் அது.

சரி, 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பெற்றோலுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்த ஆண்டு. அந்த ஆண்டின் கணக்கை வைத்து வந்த பட்டியலில் 193 நாடுகளுக்குள் இலங்கைக்கு 78ஆம் இடம். இந்தியாவுக்கு 134. ‘உயர் மனித அபிவிருத்தி’ கண்ட நாடுகளோடு எங்களையும் வைத்திருந்தார்கள். பட்டியல் பொய் சொல்லவில்லை. அது கேட்டது மூன்று கேள்வி: எத்தனை வயது வரை வாழ்கிறார்கள், எத்தனை ஆண்டு படிக்கிறார்கள், ஆளுக்கு எவ்வளவு வருமானம். மண்ணெண்ணெய் கிடைக்காமல் மயிலிட்டியிலும் குருநகரிலும் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு இருந்தவனின் மனதை அந்த மூன்று கேள்வியும் தொடாது. கொழும்பையும் முல்லைத்தீவையும் ஒரே எண்ணுக்குள் போட்டுச் சராசரி எடுத்தால் யாருடைய குறை தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த பழமொழி ஒன்று உண்டு, நான் ஏறிய மேடைகளில் எல்லாம் சொல்லியிருக்கிறேன்: அளக்கிற நாழி அகவிலை அறியுமா? நெல்லை அளந்து அளந்து போடும் நாழிக்கு அந்த நெல் சந்தையில் என்ன விலை விற்கிறது, யாருடைய வீட்டில் அது இல்லை என்பது தெரியாது.

அளக்கிறவர்களே தடுமாறியதும் உண்டு. வியாபாரம் தொடங்க எந்த நாடு இலகு என்று உலக வங்கி ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் மேலே வரவென்றே அரசாங்கங்கள் சட்டங்களை மாற்றின. 2018, 2020 அறிக்கைகளின் தரவுகளில் முறைகேடு இருந்தது தெரியவந்து, 2021 செப்டெம்பரில் அந்தப் பட்டியலையே நிறுத்தினார்கள்.

நாடுகள் என்றதும் எங்கள் ஊரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். போன ஆடி மாதம் ஒரு வீட்டில் தாயாருக்கு ஆண்டுத் திவசம். பிள்ளைகள் நான்கு பேரும் ஆண்கள். மூத்தவர் ஊரில் இருந்து தோட்டம் செய்கிறார். மற்ற மூவரும் நோர்வே, இங்கிலாந்து, கனடா. எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். படையல் முடிந்து, சாப்பாடும் முடிந்து, விறாந்தையில் பாயைப் போட்டுச் சரிந்த பிறகு பேச்சுத் தொடங்கியது. நானும் அங்கே இருந்தேன்.

நோர்வேக்காரர் போனைக் கையில் எடுத்து, “இந்தச் சுட்டெண்ணில எங்கட நாடு எப்பவும் முன்னுக்குத்தான், பாருங்கோ” என்றார். லண்டன்காரர் விடுவாரா? “அதை விடு, உலகத்தில முதல் பத்துப் பல்கலைக்கழகத்துக்குள்ள எங்களுக்கு எத்தினை எண்டு பார்” என்று தன் போனை நீட்டினார். கனடாக்காரர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியடா, தமிழ்ச் சாப்பாட்டுக் கடை எங்க கூட இருக்கு? ஸ்காபரோவிலதானே!” என்றார். அதற்கு ஒரு பட்டியலும் போனில் அகப்படவில்லை. அதனால் சத்தம் இன்னும் கூடியது. பனி எங்கே குறைவு, ஆஸ்பத்திரியில் எங்கே கெதியாகப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் எங்கே தமிழ் கதைக்கிறார்கள் என்று ஒரு மணித்தியாலம் போனது. தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது. கடைசியில் மூத்தவர் பக்கம் திரும்பி, “அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே” என்றார்கள். அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, “எங்கட பெடியன் மாதிரிப் பரீட்சையில வகுப்பில ரெண்டாம் பிள்ளை” என்றார். அவருக்கும் ஒரு பட்டியல் இருந்தது.

இவர்கள் இப்படியிருக்க, பிள்ளைகள் பின்வளவில் இரண்டு பனைக்கு நடுவே கயிறு கட்டிக் கரப்பந்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. நோர்வேப் பிள்ளை, பத்துப் பதினொரு வயதிருக்கும், ஓடிவந்து, “பெரியப்பா, தம்பி எங்க?” என்று கேட்டது. “அவன் ரியூசனுக்குப் போட்டான் பிள்ளை, ஆறரைக்கு வந்திடுவான்” என்றார் பெரியம்மா. அப்பம்மாவின் திவசம் அன்றைக்கும் ரியூசன். ஆறரைக்கு மேல் அவன் சைக்கிளில் வந்தான், முதுகில் புத்தகப் பை. இருட்டிவிட்டது, கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை அவனைப் பார்த்து, “நீ எப்ப விளையாடுவாய்?” என்று கேட்டது. “சோதினை முடிய.” “எந்தச் சோதினை?” அவன் நின்று யோசித்தான். யோசித்துவிட்டு, “ஏ.எல்.” என்றான்.

அவனுக்குப் பத்து வயது. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் எட்டு ஆண்டுக்கு மேல் இருக்கிறது. (சபையில் கைதட்டல்.) கைதட்ட வேண்டாம் ஐயா, இது வீடு வீடாக நடக்கிற காரியம்.

பல்கலைக்கழகங்களைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். 2003இல் ஷங்காயில் தொடங்கிய பட்டியல், பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசுகளுக்கும், கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கும், இரண்டே இரண்டு விஞ்ஞான இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கும் மட்டும் பாதிப் புள்ளியைக் கொடுக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கி, போருக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும் வகுப்பு நடத்தி வந்தது. அதற்கு அந்தப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் புள்ளி போடுவார்கள்? அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் தன்னைப் பற்றிக் கொடுத்த எண்கள் பிழை என்று அங்கேயே கற்பிக்கும் கணிதப் பேராசிரியர் ஒருவர் 2022இல் எழுதினார். அந்நாட்டுப் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்த பல்கலைக்கழகம் அதே ஆண்டில் 18க்கு இறங்கியது. கட்டடம் அதே கட்டடம், ஆசிரியர்களும் அதே ஆசிரியர்கள். அளக்கிற நாழி அகவிலை அறியுமா? இதைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம். ஆனால் பரிசு வாங்கப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், கடவுச்சீட்டை விட்டுவிட்டு விளையாட்டுக்குப் போகிறேன்.

துடுப்பாட்டத்தில் இலங்கை உலகில் ஆறாவது, ஏழாவது என்று செய்தியில் கேட்டால் எங்களுக்குக் கவலை. உதைபந்தாட்டத்தில் பல ஆண்டுகளாக 200ஆம் இடத்தை ஒட்டியே நிற்கிறோம் என்றால் வெட்கம். ஆனால் டெஸ்ட் விளையாடும் முழு உறுப்பு நாடுகள் 12, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவில் 211. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன சொல்ல முடியும்? ஃபிஃபாவின் பழைய கணக்கில் நட்பாட்டங்களை அதிகம் விளையாடினால் சராசரிப் புள்ளி குறையும். போலந்து 2017இல் நட்பாட்டங்களைத் தவிர்த்து மேலே ஏறி, 2018 உலகக் கிண்ணக் குலுக்கலில் முதல் வரிசை நாடுகளோடு இடம்பிடித்தது. பிறகு தன் குழுவில் நான்காவதாக, கடைசியாக, வீடு போனது. அதே 2018இல் ஃபிஃபா கணக்கை மாற்றியது. சதுரங்கத்துக்காக ஆர்பாட் ஈலோ என்ற பௌதிகப் பேராசிரியர் வகுத்த முறையைத் தழுவி, பலமானவனை வென்றால் கூடப் புள்ளி என்று கொண்டு வந்தார்கள்.

கரப்பந்து எங்கள் தேசிய விளையாட்டு, 1991இலிருந்து. ஆவரங்கால் பக்கம் எங்கள் ஊர்ப் பாணிக் கரப்பந்தான ஓவர்கேம் நடந்தால் மதிலில் ஏறி நின்று பார்க்கிற சனத்துக்குக் கணக்கில்லை. எந்த உலகப் பட்டியல் ஓவர்கேமுக்கு இடம் கொடுக்கிறது? கிளித்தட்டுக்கு? 2019 வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் எங்கள் அணி 16 அணிகளில் 15ஆவது. அதே கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும்விட அதிகம் கோல் போட்டவர் தர்ஜினி சிவலிங்கம், எங்கள் யாழ்ப்பாண மண்ணின் பிள்ளை. 15 என்ற எண்ணைப் பார்த்தவனுக்குத் தர்ஜினி தெரிவாரா? அளக்கிற நாழி அகவிலை அறியுமா? இன்னும் பின்னுக்குப் போனால், யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இலும் 1956இலும் ஒலிம்பிக்குக்குப் போய், 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் பாய்ந்து பழகியது ஒரு பாடசாலை மைதானத்தில், பின்னேரங்களில்.

இப்போது அந்த நோர்வேப் பிள்ளையின் நாட்டுக்கு வருகிறேன். 1987இலேயே அந்த நாட்டு விளையாட்டுச் சம்மேளனம் சிறுவர் விளையாட்டுக்கு விதி வகுத்தது. பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் கூடாது. 13க்கு முன் தேசிய சம்பியன் போட்டி கிடையாது. அதுவரை பிள்ளை விளையாட வேண்டும், கூட்டாளிகளோடு சந்தோஷமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சனத்தொகை ஏறக்குறைய 55 லட்சம். இந்த நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கமும், 2022இல் 16 தங்கமும் வென்றது; இரண்டும் அதுவரை எந்த நாடும் எட்டாத எண்ணிக்கை. அங்கே பனி இருக்கிறது, எண்ணெய்ப் பணம் இருக்கிறது, குளிர்கால விளையாட்டு எல்லா நாடும் விளையாடுவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வயதில் பிள்ளையை வரிசைப்படுத்தாததால் அவர்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதாவது தெரிகிறதே.

எங்கள் பிள்ளைக்கு அதே பத்து வயதில் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை. முடிவு வந்த அடுத்த நாள் சந்தியில் பதாகை: பிள்ளையின் படம், பெயர், புள்ளி. பதாகையில் இல்லாத பிள்ளைகளும் அந்தச் சந்தியால்தான் பள்ளிக்கூடம் போகின்றன. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்ததற்காக இரவிரவாக அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைப் பார்த்து, ‘நீ தோற்றுவிட்டாய்’ என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மண் படிப்பால்தான் எழுந்தது, நூலகம் எரிந்த பிறகும் படிப்பைக் கைவிடாத மண் இது. வசதியில்லாத பிள்ளைக்கு அந்தப் புலமைப்பரிசில் பணம் எவ்வளவு பெரிய உதவி என்பதும் தெரியும். நான் கேட்பது பின்னேரத்தை. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை, இரண்டே மணித்தியாலம்.

அதற்காகத்தான் நானும் சில நண்பர்களும் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி வருகிறோம். எங்கள் கோரிக்கை இது. தரம் ஐந்து வரையுள்ள பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மணித்தியாலத்தில் எந்த நாளும் ரியூசன் வைக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளையின் படத்தையும் புள்ளியையும் பதாகையில் போடக் கூடாது. ரியூசன் ஆசிரியர்கள் எங்கள் எதிரிகள் அல்ல. இந்தச் சபையிலேயே மூன்று நான்கு பேர் இருக்கிறீர்கள், உங்கள் உழைப்பில் படித்து வந்த டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் பலர். நேரத்தை மாற்றி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்துத் தூண் இரண்டும், தெருப்பக்கம் ஒரு வேலியும் வேண்டும். வேலி இல்லாததால்தான் தாய்மார் அனுப்பப் பயப்படுகிறார்கள்.

தவிசாளர் ஐயா, வேலிக்கான மதிப்பீட்டைத் தொழில்நுட்ப அலுவலர் எடுத்துவிட்டார். அடுத்த சபைக் கூட்டத்தில் அதை எடுத்துத் தாருங்கள். அதிபர் அவர்களே, ரியூசன் ஆசிரியர்களை அழைத்துப் பேச வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபம் வேண்டும். பெற்றோரும் வர வேண்டும், முக்கியமாக அப்பாமார். படிவம் வாசலில் நிலையச் செயலாளரிடம் இருக்கிறது. வடை சாப்பிடப் போகிற வழியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனை இரண்டு வைத்திருக்கிறோம்.

பரிசளிப்பைத் தொடங்கலாம். நன்றி, வணக்கம்.