மூணு வருஷ ஞாயித்துக்கிழமை

எல்லாருக்கும் வணக்கம். செஸ் போர்டுல அரிசி வைக்கிற கதை உங்களுக்கு தெரிஞ்சதுதான், முதல் கட்டத்துல ஒண்ணு, அடுத்ததுல ரெண்டு, அப்புறம் நாலு, எட்டுன்னு டபுள் ஆகிட்டே போகும், 64 கட்டத்தோட முடிஞ்சிடும். நான் இன்னும் மூணே மூணு கட்டம் சேர்த்துக்கறேன். இப்போ 67 கட்டத்து அரிசியையும் கூட்டினா 14,75,73,95,25,89,67,64,12,927. மொத்தம் 21 இலக்கம். 67 ரெண்டை வரிசையா போட்டு பெருக்கி ஒண்ணு கழிச்சாலும் இதேதான் வரும். இன்னிக்கு பூரா இந்த ஒரு நம்பரைப் பத்திதான் பேசப்போறேன், எனக்கு இது மேல அவ்ளோ பிரியம்.

1644ல பிரான்ஸ்ல மெர்சென்னு ஒரு துறவி ஒரு லிஸ்ட் போட்டார், ரெண்டோட எந்தெந்த அடுக்குல ஒண்ணு கழிச்சா பகா எண் கிடைக்கும்னு, 257வது அடுக்கு வரைக்கும். அதுல 67ம் இருந்துச்சு. 232 வருஷம் அது தப்புன்னு யாராலயும் காட்ட முடியல, 21 இலக்க நம்பரை கையால வகுத்து வகுத்து பார்க்கறதுன்னா சும்மாவா?

1876ல லூகாஸ் வந்தார், அவரும் பிரான்ஸ்தான். அவர் வழியே வேற, வகுத்தியை தேடவே மாட்டார். பின்னாடி லெமர்னு இன்னொரு கணித அறிஞர் அதை சுருக்கிக் குடுத்த விதத்துல சின்னதா ஒண்ணு காட்டறேன், 31ஐ எடுத்துக்கோங்க, அது ரெண்டோட 5வது அடுக்குல ஒண்ணு குறைச்சது. 4ல ஆரம்பிங்க. வர்க்கம் பண்ணி 2 கழிங்க, 14. திரும்ப அதே மாதிரி, 194, இதை 31ஆல வகுத்தா மீதி 8. அந்த 8ஐ வர்க்கம் பண்ணி 2 கழிச்சா 62, வகுத்தா மீதி சைபர். சைபர் வந்தா பகா எண், வரலைன்னா இல்ல, அவ்ளோதான்! 67வது அடுக்குக்கு சைபர் வராது. அதாவது நம்பர் உடையும்னு லூகாஸ் அடிச்சு சொல்லிட்டார், ஆனா எங்க உடையும்னு அவருக்கும் தெரியாது. எனக்கு இந்த இடம்தான் ரொம்ப ஆச்சரியம், பூட்டுக்கு சாவி உண்டுன்னு நிரூபிச்சாச்சு, சாவி மட்டும் இன்னும் 27 வருஷம் கைக்கு வரல.

தேடறதுக்கு ஒரு பிடி இருந்துச்சு. 11வது அடுக்கை பாருங்க, 2047, அது 23 பெருக்கல் 89. 11ஐ டபுள் பண்ணா 22, 23ஐ 22ஆல வகுத்தாலும் மீதி 1, 89ஐ வகுத்தாலும் மீதி 1. இதே விதிப்படி 67க்கு 134ஆல வகுத்து மீதி 1 வர்ற நம்பரை மட்டும் பார்த்தா போதும். போதும்னு நான் ஈஸியா சொல்லிட்டேன், கடைசியில கிடைச்ச வகுத்தி அந்த வரிசையில 14,45,580வது இடத்துல இருந்துச்சு, ஒவ்வொண்ணா வகுத்துப் பார்த்திருந்தா ஆயுசு பத்தாது, அதனால அதைக் கண்டுபிடிச்ச அமெரிக்க கணித அறிஞர் ஃபிராங்க் நெல்சன் கோல் இன்னும் நிறைய சலிச்சு சலிச்சுதான் அங்க போய் சேர்ந்தார்.

1903 அக்டோபர் 31, நியூயார்க், அமெரிக்க கணித சங்கத்தோட கூட்டம். கோல் வாயே திறக்காம போர்டுகிட்ட போனாராம், ஒரு பக்கம் ரெண்டை அடுக்கி ஒண்ணு கழிச்சு எழுதினாராம், இன்னொரு பக்கம் ரெண்டு நம்பரை போட்டு கையாலயே பெருக்கினாராம், ரெண்டு விடையும் ஒண்ணா நின்னப்ப கைதட்டல் எழுந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க. எவ்ளோ நாள் ஆச்சுன்னு கேட்டதுக்கு மூணு வருஷ ஞாயித்துக்கிழமைன்னு சொன்னாராம். இப்போ கம்ப்யூட்டர் இதை ஒரு நொடிக்குள்ள உடைச்சிடும், அதனால அந்த ஞாயித்துக்கிழமைங்க வீண்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

இதோ அந்த ரெண்டு நம்பர், எழுதிக்கோங்க: 19,37,07,721, அப்புறம் 7,61,83,82,57,287. கடைசி மூணு இலக்கத்தை மட்டும் முதல்ல பெருக்குங்க, 721ம் 287ம், 2,06,927 வருதா, அந்த 927தான் நம்ம நம்பரோட வாலு. மீதியையும் பார்த்துடலாம், போர்டும் சாக்பீஸும் இங்கயே இருக்கு, ரெண்டு பேர் மேல வாங்க.