'இவன்தான்' என்று யாரோ எழுதி வைத்த புத்தகம்

நண்பர்களுக்கு வணக்கம்.

அண்மையில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆறு மாதமாக நான் படித்ததெல்லாம் கொலை, திருட்டு, விஷம்தான். எல்லாம் பழைய ஆங்கில மர்மக் கதைகள். பாதி புதிதாகப் படித்தவை, மீதி இளவயதில் படித்துவிட்டுத் திரும்ப எடுத்தவை. ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறேன்: குற்றவாளி யார் என்று சொல்லமாட்டேன். ஒரே ஒரு கதையில் மட்டும் அந்த வாக்கை மீறுவேன், அது வரும்போது சொல்கிறேன்.

நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் தெருவில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. ஒருநாள் அங்கிருந்து வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' எடுத்து வந்தேன். எனக்கு முன்னால் யாரோ பென்சிலும் கையுமாக அதைப் படித்திருக்கிறார். அங்கங்கே அடிக்கோடு, ஆச்சரியக்குறி. நூறாவது பக்கம் வாக்கில் ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் 'இவன்தான்' என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இன்னும் நானூறு பக்கம் பாக்கி, வைரத்தை எடுத்தவன் பெயரோ கையில். ஆனால் வாடகை கொடுத்தாயிற்றே. சரி, ஆனது ஆகட்டும் என்று படித்தேன். முடித்தபோது இரவு இரண்டு மணி.

மர்மக் கதைக்கு நான் வைக்கும் பரீட்சை அன்று பிறந்ததுதான். ஆள் யார் என்று தெரிந்த பிறகும் புத்தகம் நம்மைப் பிடித்து வைக்கிறதா?

'மூன்ஸ்டோன்' 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை, சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வந்தது. கதை தொடங்கும் இடம் நமக்குப் பக்கத்து ஊர். 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்ட நாள். அன்று நடந்த கொள்ளையில் ஓர் ஆங்கில அதிகாரி, காவலுக்கு நின்றவர்களைக் கொன்று ஒரு மஞ்சள் வைரத்தை எடுத்துக்கொள்கிறான். குஜராத்தின் சோமநாத் கோயில் சந்திரன் சிலையின் நெற்றியில் இருந்த கல் அது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, யார்க்‌ஷயரில் ஒரு பெண்ணின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அது வந்து சேர்கிறது. அன்றிரவே காணாமல் போகிறது. அதை மீட்க மூன்று பிராமணர்கள் கடல் தாண்டி, வித்தைக்காரர் வேடத்தில் அந்த ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். 1857 சிப்பாய்க் கலகம் நடந்து பதினோரு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில் வந்த ஆங்கிலக் கதையில் முதல் திருடன் வெள்ளைக்காரன். இது எனக்கு இரண்டாம் முறை படிக்கும்போதுதான் உறைத்தது.

காலின்ஸ் சட்டம் படித்தவர். அதனால் கதையைப் பல சாட்சிகள் வாயால் சொல்லவைக்கிறார். அவர்களில் என் செல்லம் பெட்டரெட்ஜ் என்ற வயதான வீட்டு மேலாளர். எந்தச் சங்கடம் வந்தாலும் 'ராபின்சன் குரூசோ'வைத் திறந்து, கண்ணில் படும் வரியைத் தனக்கான உத்தரவாக எடுத்துக்கொள்வார். நம்மவர்கள் தேவாரத்தில் கயிறு சாத்திப் பார்ப்பதைப் போல. துப்பறிய லண்டனிலிருந்து வருகிற சார்ஜென்ட் கஃப், ரோஜாத் தோட்டத்து நடைபாதைக்குப் புல் நல்லதா சரளைக்கல் நல்லதா என்று தோட்டக்காரரோடு சண்டை போடுகிறார். அப்புறம் கதவுச் சாயம் உலருமுன் யார் உடையோ பட்டுத் தீற்றியிருப்பதைப் பார்த்து, கறைபட்ட உடையைத் தேடி வீட்டின் சலவைக் கணக்கைக் கொண்டுவா என்கிறார். கஃப் முழுக்கக் கற்பனை அல்ல. 1860இல் ரோட் என்ற ஊரில் நடந்த ஒரு குழந்தைக் கொலையை விசாரித்த ஜொனாதன் விச்சர் என்ற போலீஸ்காரரின் சாயல் அவரிடம் உண்டு. அந்த வழக்கிலும் பேச்சு, காணாமல் போன ஓர் இரவு அங்கியைச் சுற்றித்தான்.

அடுத்து அகதா கிறிஸ்டி. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் டார்க்கி என்ற ஊரில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர், எந்த மருந்து எவ்வளவு போனால் விஷம் என்று தெரிந்தவர். 1920இல் வந்த அவருடைய முதல் நாவலை மருந்தாளர்களின் இதழே பாராட்டியது. நான் இப்போது திரும்பப் படித்தது 1926இல் வந்த 'ராஜர் அக்ராய்டின் கொலை'. முடிவைப் பார்த்து, இது மோசடி என்று அந்தக் காலத்தில் சிலர் கொதித்தார்கள். இல்லை, எல்லாரையும் சந்தேகிக்க வேண்டியது வாசகர் வேலை என்று கிறிஸ்டிக்குத் துணை நின்றவர் இன்னொரு மர்ம எழுத்தாளர், டோரதி சேயர்ஸ். நான் சேயர்ஸ் கட்சி. முடிவு தெரிந்து படித்தால் ஒவ்வொரு பத்தியும் வேறு மாதிரி ஒலிக்கிறது. கதை சொல்லும் டாக்டருக்கு கரோலின் என்று ஓர் அக்கா. வாசற்படி இறங்காமலே ஊர்ச்செய்தி முழுவதும் அவருக்கு வந்து சேர்ந்துவிடும். இப்படி ஓர் அத்தை நம் எல்லார் குடும்பத்திலும் உண்டு. கிறிஸ்டியின் புகழ்பெற்ற துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் இந்த கரோலினிடமிருந்து பிறந்திருக்கலாம் என்று கிறிஸ்டியே சொல்லியிருக்கிறார்.

இப்போது நான் வாக்கை மீறும் கதை. கான் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்', 1892. படிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். கொலையாளி ஒரு பாம்பு. கல்கத்தாவில் டாக்டராக இருந்த ராய்லட் வளர்க்கும் பாம்பு. மணிக்கயிற்றைப் பிடித்து இறங்குகிறது, விசில் கேட்டுத் திரும்பி ஏறுகிறது, கிண்ணத்தில் வைத்த பாலைக் குடிக்கிறது. பாம்பு பால் குடிக்காது, விசிலுக்குப் பழகாது. இந்தியாவிலேயே கொடிய பாம்பு என்று ஹோம்ஸ் சொல்லும் 'சதுப்பு விரியன்' எந்தப் பட்டியலிலும் இல்லை. தோட்டத்தில் ஒரு சிவிங்கிப்புலியும் ஒரு பபூனும் உலாவுகின்றன. இந்தியாவிலிருந்து வந்தவையாம். பபூனை எந்த இந்தியக் காட்டில் பிடித்தாரோ! ஆனால் புற்றுக்குப் பால் ஊற்றுகிற நாம், பால் விஷயத்தில் டாயிலைப் பார்த்து ரொம்பச் சிரிக்க முடியாது. இத்தனை ஓட்டை இருந்தும், அந்த இருட்டு அறையில் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரவு இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது. 1927இல் டாயில் தன் ஹோம்ஸ் கதைகளை வரிசைப்படுத்தியபோது முதலிடத்தை இதற்குத்தான் கொடுத்தார்.

பரீட்சையில் தோற்றதையும் சொல்லவேண்டும். ஜான் டிக்சன் கார் எழுதிய 'ஹாலோ மேன்', 1935. பூட்டிய அறைக் கொலைகளின் சிகரம் என்பார்கள். பதினேழாவது அத்தியாயத்தில் துப்பறிவாளர் டாக்டர் ஃபெல், நாமெல்லாம் ஒரு துப்பறியும் கதைக்குள் இருக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பூட்டிய அறையில் கொல்வதற்கு எத்தனை வழி என்று வகுப்பே எடுக்கிறார். அந்த அத்தியாயம் அருமை. மற்றதற்குக் காகிதத்தில் படம் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. புதிர் அவிழ்ந்ததும் அந்த மனிதர்கள் ஒருவர்கூட மனதில் நிற்கவில்லை.

டோரதி சேயர்ஸின் 'நைன் டெய்லர்ஸ்' (1934) இதற்கு நேர்மாறு. இங்கிலாந்தின் கிழக்கே சதுப்பு நிலத்தில் ஒரு கிராமம், அதன் தேவாலயத்து மணிகள். ஆண் இறந்தால் ஒன்பது மணியடி, அந்த அடிக்கு 'டெய்லர்' என்று பெயர், அதுதான் தலைப்பு. நம் ஊர் தேவாலயங்களில் துக்கமணி கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கே எட்டு மணிகளைக் கணக்குப்படி மாற்றி மாற்றி ஒன்பது மணி நேரம் அடிக்கிறார்கள். முதல் முறை அந்தப் பக்கங்களை எல்லாம் தாண்டிப் போனேன். இந்த முறை அவற்றுக்காகவே படித்தேன்.

ஜோசஃபின் டே எழுதிய 'டாட்டர் ஆஃப் டைம்' (1951) கதையில் துப்பறிவாளர் கால் முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். பொழுது போகாமல் மூன்றாம் ரிச்சர்டின் படத்தைப் பார்க்கிறார். அண்ணன் பிள்ளைகள் இருவரைக் கொன்றவன் என்று பள்ளிப் பாடம் சொல்லும் ராஜா. இந்த முகமா கொலைகாரன் முகம் என்று சந்தேகம் வருகிறது. படுத்தபடியே பழைய ஏடுகளை விசாரிக்கிறார். ரிச்சர்டைப் பற்றி எழுதிய தாமஸ் மோருக்கு, சம்பவம் நடந்த 1483இல் வயது ஐந்து என்று கண்டுபிடிக்கும் இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் டே வக்கீல் மாதிரி வாதாடுகிறார், தன் கட்சிக்குச் சாதகமானதை மட்டும் முன்னால் வைக்கிறார். அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதில் வரலாற்று ஆசிரியர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை. ரிச்சர்டின் கூன் வெறும் கட்டுக்கதை என்பது டேயின் கட்சி. 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் கீழே ராஜாவின் எலும்புக்கூடே கிடைத்தது. கூன் இல்லை, ஆனால் முதுகெலும்பு நன்றாகவே பக்கவாட்டில் வளைந்திருந்தது. எதிர்க்கட்சிக்கும் பாதி வெற்றி. எனக்குப் பிடித்த புத்தகம், ஆனால் நான் நம்பாத தீர்ப்பு.

பென்சில் ஆசாமியை விட்டுவிட்டேனே. அந்த நூலகம் மூடியபோது புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். போய் அந்த 'மூன்ஸ்டோனை' வாங்கி வந்தேன், இப்போதும் என்னிடம் இருக்கிறது. வட்டம் போட்ட பெயர் தப்பு. கடைசி அத்தியாயங்களுக்கு வரும்வரை நான் தப்பான ஆள்மேல் கண் வைத்துக்கொண்டுதான் படித்தேன். இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், தடயம் முதலிலிருந்தே கண்முன்னால் இருந்தது. 'இவன்தான்' என்ற அந்த வார்த்தைக்குப் பிறகு, நானூறு பக்கத்தில் ஒரு பென்சில் கோடுகூட இல்லை.