கடுகளவு லேபிள்களும் கலகலக்கும் கம்பிகளும்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே, இந்த அரங்கை மாலை முழுவதும் நமக்கென ஒதுக்கித் தந்த நூலகர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி மிகுந்த அன்போடு பேசிய செயலாளர் அவர்களே, எனக்கு முன்பு திரையிசையில் கிட்டார் வந்து சேர்ந்த வரலாற்றை அழகாக எடுத்துரைத்து அமர்ந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, நன்றியுரைக்காகக் காத்திருக்கும் தம்பி அவர்களே, மதியம் மூன்று மணியிலிருந்தே வயர் இழுத்து இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்துத் தந்த சவுண்ட் சர்வீஸ் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் கிட்டார் பையோடு வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணனுக்கு முதலில் நன்றி சொல்லக் காரணம் உண்டு. இன்று போட்டுக் காட்டவிருக்கும் ஜாங்கிள் பாப் பாட்டுகளில் ஒரு கிட்டார் இடப்பக்கம் ஒலிக்கும், இன்னொன்று வலப்பக்கம் ஒலிக்கும். ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் ஒன்றாகக் கலந்து, ஒன்றையொன்று விழுங்கி, ஒலி மெலிந்துபோகும். பாட்டு சரியில்லை என்று நினைத்து எழுந்து போய்விடுவோம். அண்ணன் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் கட்டியதால் அந்தக் குறை நமக்கு இல்லை. வீட்டில் கேட்பவர்கள் வயர் வைத்த சாதாரண ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், போதும்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். ஜாங்கிள் பாப் என்ற இந்த இசைக்கு அதைவிடப் பொருத்தமான வாக்கு கிடையாது. பாட்டு இரண்டரை நிமிடம், மூன்று நிமிடம். கிட்டாரில் உறுமல் இல்லை. பல சுரங்கள் சேர்ந்த கார்டை மொத்தமாக அடிக்காமல், கம்பி கம்பியாகப் பிரித்து மீட்டுவார்கள். அடியில் திறந்த கம்பி ஒன்று தம்புரா போல விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். ராகம் எளிமையாக இருக்கும், மனம் கனத்திருக்கும்.

நான்கு செய்திகள் சொல்ல நினைத்து வந்திருக்கிறேன். ஒன்று, இந்த ஒலி எப்படிப் பிறந்தது. இரண்டு, அண்மையில் கண்டெடுத்த குழுக்கள். மூன்று, இந்தப் பாட்டுகளின் வரிகள். நான்கு, ஜப்பானிலும் இந்தோனேசியாவிலும் இதே இசையை வளர்க்கும் பிள்ளைகள்.

முதல் செய்தி. 1964 பிப்ரவரி. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் நியூயார்க்கில் இறங்கியிருக்கிறார்கள். ரிக்கன்பேக்கர் கம்பெனியின் முதலாளி பிரான்சிஸ் ஹால் ஒரு ஹோட்டல் அறையில் தம் கிட்டார்களைப் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். குழுவில் ஜார்ஜ் ஹாரிசனுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. ஜான் லென்னன் வந்து பார்த்துவிட்டு, அங்கிருந்த பன்னிரண்டு கம்பி எலக்ட்ரிக் கிட்டாரை ஹாரிசன் பார்க்க வேண்டுமே என்கிறார். நோயாளி படுத்திருக்கும் இடத்துக்கே கருவி போகிறது. அந்த மாடலில் தயாரான இரண்டாவது கிட்டார் அது. அதே ஆண்டு பீட்டில்ஸ் படம் திரைக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் அதைப் பார்த்த இளைஞர் ஒருவருக்குக் கண் முழுவதும் அந்தக் கிட்டார்மேலேயே. பின்னாளில் ரோஜர் மெக்குயின் என்று உலகம் அறிந்தவர் அவர். தம்மிடமிருந்த பாஞ்சோவையும் பழைய பன்னிரண்டு கம்பி கிட்டாரையும் கடையில் கொடுத்துவிட்டு ரிக்கன்பேக்கரை வாங்கிக்கொள்கிறார்.

1965 ஜனவரி 20. ஹாலிவுட்டில் கொலம்பியா ஸ்டூடியோ. மெக்குயின் இருந்த பேர்ட்ஸ் குழு பாப் டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டைப் பதிவு செய்கிறது. குழுவில் கருவி வாசிக்க அனுமதி கிடைத்தது மெக்குயினுக்கு மட்டுமே. டிரம்ஸ், பேஸ் எல்லாம் ஸ்டூடியோவின் கைதேர்ந்த வாத்தியக்காரர்கள். ஒலிப்பதிவு செய்தவர் ரே கெர்ஹார்ட். ராக் இசையின் சத்தத்தில் தம் அருமையான கருவிகள் கெட்டுவிடுமோ என்று அவருக்குக் கவலை. அதற்கு ஒரு வழி செய்தார். எந்த ஒலி வந்தாலும் கம்ப்ரஸரில் போட்டு அமுக்கினார். பெரிய சத்தத்தைத் தாழ்த்துவதும், அதனால் சின்ன சத்தம் மேலே தெரிவதும்தான் அந்தக் கருவியின் வேலை.

மெக்குயினின் கிட்டாரையும் அமுக்கினார். கம்பியைத் தட்டியதும் 'தட்' என்று அடங்கிவிடும் கருவி அது. கம்ப்ரஸரில் போட்டதும் தட்டிய ஒலி அடங்கவில்லை. மணி அடித்ததுபோல் நீண்டது. எல்லாருக்கும் பிடித்துப்போக, ஒன்றின்பின் ஒன்றாக இரண்டு டியூப் கம்ப்ரஸர்களை மாட்டினார்கள். ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பே வேண்டாம் என்று நேரே மிக்ஸருக்குள் கொடுத்தார்கள். நாதஸ்வரத்தைப்போலச் சுரம் மூன்று நான்கு நொடி நின்றது. மெஷினைக் காக்கப் போட்ட பூட்டு, அறுபது ஆண்டுகளாக எத்தனையோ குழுக்கள் தேடி ஓடும் ஒலிக்குக் கதவாகிவிட்டது! ஏப்ரலில் தட்டு வெளிவந்தது, ஜூனில் அமெரிக்காவில் முதலிடம். அப்படி நீண்டு ஒலிக்கும் சுரம் கையில் வந்தபிறகுதான், மறு ஆண்டு ஜான் கோல்ட்ரேனின் சாக்சபோனையும் நம் ரவிசங்கரின் சிதாரையும் மனத்தில் வைத்து 'எய்ட் மைல்ஸ் ஹை' பாட்டை அவர்களால் செய்ய முடிந்தது. கச்சேரிப் பயணம் முழுவதும் அவர்கள் கேட்டுக்கொண்டே போன டேப்பில் ரவிசங்கர் இருந்தார். பேராசிரியர் ஐயா தலையசைக்கிறார்கள், மகிழ்ச்சி.

பின்வரிசைப் பிள்ளைகளுக்காகச் சில குறிப்புகள். பன்னிரண்டு கம்பியில் ஆறு ஜோடி. மெல்லிய இரண்டு ஜோடிகளில், அந்தந்த ஜோடியின் இரண்டு கம்பியும் ஒரே சுருதி. மற்ற நான்கிலும் ஒரு கம்பி வழக்கமான சுருதி, மற்றது ஒரு ஸ்தாயி மேலே. பெரும்பாலான பன்னிரண்டு கம்பி கிட்டார்களில் கீழே மீட்டும்போது மெல்லிய கம்பி முதலில் படும். ரிக்கன்பேக்கரில் தடித்த கம்பி முதலில் படும், அதன் தனி மணம் அங்கேதான் இருக்கிறது. முதலில் ஆறு முதன்மைக் கம்பிகளைச் சுருதி சேர்த்துவிட்டு, பிறகு துணைக் கம்பிகளுக்கு வாருங்கள். மூன்றாம் ஜோடியின் மெல்லிய கம்பிதான் அடிக்கடி அறும். 008 அல்லது 009 தடிமனில் போடுங்கள். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள். கம்பி சிக்காமல் வழுக்கும்.

ஆறு கம்பி வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டாம். பிரிட்ஜ் பக்க பிக்கப், இரண்டாம் கட்டத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ, திறந்த டி வடிவக் கார்டு. கம்ப்ரஸர் 4-க்கு 1 என்ற அளவில், ஆறு டெசிபல் இறங்கும்படி. கம்ப்ரஸர் அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரமான அட்டாக்கை 20 முதல் 30 மில்லிசெகண்ட் வரை வையுங்கள். அதைவிட வேகமாக வைத்தால் பிக் கம்பியில் படும் 'டிக்' செத்துப்போகும். எக்கோவுக்கும் ரிவர்புக்கும் முன்னால் கம்ப்ரஸரை மாட்டுங்கள். பின்னால் மாட்டினால் எக்கோவின் வால் வீங்கி வந்து பாட்டை மூடிவிடும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அந்த இடம் பேஸ் கிட்டாருக்கு உரியது. அதிகமாக அமுக்கினால் இரைச்சலும் கூடவே மேலே வரும், கவனம்.

விலை உயர்ந்த ஸ்டூடியோ இதற்குத் தேவையே இல்லை. நியூசிலாந்தின் டனீடின் ஊர்ப் பிள்ளைகள் இதைக் காட்டினார்கள். 1981-இல் ரோஜர் ஷெப்பர்ட் கிறைஸ்ட்சர்ச்சில் ஃபிளையிங் நன் என்ற லேபிளை, அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனத்தை, தொடங்கினார். டனீடினின் தி கிளீன் குழுவின் 'டாலி ஹோ' ஐம்பது, அறுபது டாலரில் பதிவாகி, நாட்டின் தரவரிசையில் 19-ஆம் இடம் பிடித்தது. அதே ஆண்டு இசைக்கலைஞர் கிறிஸ் நாக்ஸின் டியாக் நான்கு டிராக் டேப் மெஷினில் அவர்கள் பதிவு செய்த இசைத்தட்டு ஐந்தாம் இடம்வரை போனது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. 'டாலி ஹோ'வில் ஆர்கன் வாசித்த மார்ட்டின் ஃபிலிப்ஸ் தி சில்ஸ் குழுவைக் கட்டியவர். 2024-இல் அவர் மறைந்தார். இளமையில் எழுதிப் பதிவாகாமல் கிடந்த பாட்டுகளை இறுதிக் காலத்தில் அவர் முடித்துவைத்த 'ஸ்பிரிங் போர்டு' ஆல்பம் 2025-இல் வந்தது. முதலில் அதைத்தான் உங்களுக்குச் சொல்வேன்.

இனி இரண்டாம் செய்தி, இளையவர்கள். சிகாகோவில் கை ஸ்லேட்டர் என்ற இளைஞர், ஷார்ப் பின்ஸ் என்ற பெயரில் தனியாக இசைக்கிறார். 'ரேடியோ டிடிஆர்' 2024-இல் சிறிய அளவில் கேசட்டாக வந்து, 2025-இல் பெரிய அளவில் வெளியானது. குரல் சற்றே கலங்கித் தெரியும், டேப்பின் இரைச்சல் கேட்கும். அதைத் துடைத்திருந்தால் பாட்டின் உயிரும் போயிருக்கும்.

லண்டனில் தி டப்ஸ். 'காட்டன் கிரவுன்', 2025. ஒன்பது பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. பாடகர் ஓவன் வில்லியம்ஸின் தாய் ஷார்லட் கிரேக் நாட்டார் பாடகியாக இருந்தவர். அட்டைப் படத்தில் இருப்பவர்கள் அந்தத் தாயும் கைக்குழந்தையாக இவரும். தாயை இழந்த துயரம்தான் கடைசிப் பாட்டு. துள்ளும் கிட்டாருக்குள் இத்தனை பெரிய இழப்பைத் தாங்கும் ஆல்பத்தை அண்மைக் காலத்தில் நான் கேட்டதில்லை. இவ்வாண்டுகளின் தலைசிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

சான் பிரான்சிஸ்கோதான் இன்று இந்த இசைக்குத் தலைநகர். சைம் ஸ்கூல் என்ற பெயரில் ஆண்டி பாஸ்டலானியெக் பெரும்பாலும் எல்லாக் கருவியையும் தாமே வாசிக்கிறார். பன்னிரண்டு கம்பியின் முழு அழகையும் கேட்க வேண்டுமானால் அவருடைய 2024 ஆல்பத்தைக் கேளுங்கள். தி அம்ப்ரெல்லாஸ் குழுவின் 'ஃபேர்வெதர் ஃபிரெண்ட்', ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது, அதுவும் 2024. கிளென் டொனால்ட்சனின் ரெட்ஸ், பிங்க்ஸ் அண்ட் பர்ப்பிள்ஸ் ஆண்டுதோறும் ஆல்பம் தருகிறது. அவர் வசிக்கும் பகுதியின் வீடுகளும் தெருக்களுமே அட்டைப் படங்கள். 2023 ஆல்பம் முழுவதும் இசைக்குழு நடத்தி நொந்துபோனவர்களின் பாடு. கனடாவின் டக்ஸ் லிமிடெட், ஓட்டம் பிடிக்கும் வேகம், 'ஹார்ம்ஸ் வே' கேளுங்கள். மெல்போர்னில் ரோலிங் பிளாக்அவுட்ஸ் கோஸ்டல் ஃபீவர். மூன்று கிட்டார் இருந்தும் மோதாது, ஒன்று அகூஸ்டிக்கில் தாளம் பிடிக்க, மற்ற இரண்டும் எலக்ட்ரிக்கில் வேறு வேறு உயரத்தில் பேசிக்கொள்ளும்.

சைம் ஸ்கூலையும் அம்ப்ரெல்லாஸையும் வெளியிட்டது ஸ்லம்பர்லேண்ட் என்ற சின்ன லேபிள். 1989-இலிருந்து மைக் ஷுல்மன் நடத்துகிறார். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக ஒரு லேபிள் நிற்கிறது என்றால், ஊருக்கு நாலு பேர் காசு கொடுத்துத் தட்டு வாங்கியதால்தான் நிற்கிறது. நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

பெரியோர்களே, 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பதிவுரிமைத் தொகை உண்டு. 999 முறை கேட்டால் ஒரு காசும் கிடையாது. ஆரம்பக் குழுக்களில் பலவும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. குழுக்களும் லேபிள்களும் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் டிஜிட்டல் ஆல்பத்தை 10 டாலருக்கு வாங்கினால், தளம் ஒன்றரை டாலர் எடுத்துக்கொள்ளும். தட்டு, கேசட் என்றால் பத்தில் ஒரு பங்குதான். பணம் செலுத்தும் கட்டணம் போக மீதி குழுவுக்கும் லேபிளுக்கும். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' எனப்படும் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அந்த நாள் பார்த்து வாங்குங்கள்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது, உண்மைதான். ஆனால் விதைப்பவனுக்குக் கூலி போகாவிட்டால் மறு ஆண்டு கடுகே இருக்காது. மாதம் ஒரு ஆல்பம் வாங்குங்கள். கேட்டுப் பாராட்டுவது நல்லது, பாராட்டால் கம்பி வாங்க முடியாது. வரிகளைப் பற்றியும் ஜப்பானைப் பற்றியும் நான் சொல்ல நினைத்ததைவிட இந்த ஒரு வேண்டுகோள் எனக்குப் பெரிது. தலைவர் ஐயா மணியைப் பார்ப்பதும் தெரிகிறது.

வாங்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைத் தட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவு தட்டின் விலையையே எட்டிவிடும். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே லேபிளிடம் ஒரே பார்சலாகக் கேளுங்கள். கேசட்டுக்கு எடை குறைவு. கேசட் வந்ததும் ஒருமுறை முழுவதும் ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டுப் போடுங்கள், இறுகிய நாடா தளரும். மெஷினின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். சாதாரண ஃபெரிக் கேசட்டுக்குக் குரோம் பொத்தானை அழுத்தினால் மேல் சுரங்களின் மினுக்கம் போய்விடும். இந்த இசையில் அதுதான் முக்கியம். அமெரிக்க லேபிள்களுக்கான கூட்டு ஆர்டர் படிவம் கதவருகே உள்ள மேசையில் இருக்கிறது. பெயரும் ஆல்பமும் எழுதுங்கள், பணம் இப்போது வேண்டாம். நூலகர் அம்மா எட்டு மணிக்கு அரங்கைப் பூட்ட வேண்டும். அதற்குள் இரண்டு பாட்டு போட்டுவிடலாம் என்று அண்ணன் சைகை காட்டுகிறார். முதலில் தி டப்ஸ், அடுத்து சைம் ஸ்கூல்.

நன்றி, வணக்கம்.