கேட்க ஒரு ஆள் வேண்டும்

நடுவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, இந்தக் கோத்தகிரிக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கும் சபை மக்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஆவிக்குரிய வளர்ச்சிக்குப் பெரிதும் கைகொடுப்பது தனி ஜெபமா, நம் நடத்தைக்கு ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுக்கும் ஐக்கியமா? ஐக்கியமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி மத்தேயு 6:6ஐ எடுத்தார். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு. ஆமென். அப்படியே மூன்று வசனம் தள்ளி வாருங்கள் தம்பி. அங்கே ஆண்டவர் கற்றுக்கொடுக்கும் ஜெபத்தில் எங்கள் பிதா, எங்களுக்கு வேண்டிய ஆகாரம், எங்கள் கடன்கள். "என்" என்ற சொல்லே கிடையாது. பூட்டிய அறைக்குள்ளும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

தாவீது ராஜாவைவிட ஜெபிக்கத் தெரிந்தவர் யார்? தன் போர்வீரன் உரியாவைக் கொல்லக் கொடுத்தார், அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்டார், பிள்ளையும் பிறந்துவிட்டது. அத்தனை மாதமும் அவர் மனம் திரும்பியதாக வேதம் ஒரு வரி சொல்லவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி நேரில் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனைப் பற்றிச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்ற பிறகுதான் உடைந்தார். 51ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள், நாத்தான் வந்தபோது பாடியது என்றே இருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். சீட்டுப் பணத்தில் எனக்கும் என் நாத்தனாருக்கும் மனஸ்தாபம். மூன்று மாதம் பேச்சில்லை. தினமும் காலை நாலரைக்கு எழுந்து, "ஆண்டவரே, அவளை மாற்றும்" என்று அழுது ஜெபித்தேன். உண்மையாகத்தான் ஜெபித்தேன். வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் ஜெபத் துணையான அக்கா, தேநீர் டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "நீ போய்ப் பேசினாயா?" இல்லை என்றேன். அடுத்த வியாழனும் அதே கேள்வி. மூன்றாம் வியாழன் வருமுன் நான் நாத்தனார் வீட்டு வாசலில் நின்றேன். அக்கா கேட்பாரே என்ற பயத்தில்தான் போனேன், மறைக்க மாட்டேன். ஆனால் கதவு திறந்து அவள் முகத்தைப் பார்த்ததும், மாற வேண்டியது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இது தெரியும். என் சாக்கில் கிடக்கும் முற்றிய இலை என் கண்ணில் படாது. எடை போடும் முன் கொட்டிப் பரப்பும்போது, பக்கத்தில் நிற்பவள் குனிந்து ஒன்றிரண்டைப் பொறுக்கி எறிகிறாள். அவள் சாக்கில் கிடப்பதை நான் பார்க்கிறேன்.

மனிதரிடம் சொன்னால் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று எதிரணி பயப்படுகிறது. நியாயமான பயம். அப்படிக் காயப்பட்டுச் சபையை விட்டே போனவர்கள் நமக்குள் உண்டு. அதனால்தான் மத்தேயு 18இல் ஆண்டவர் முதல் படியாகவே "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறார். மேடையில் அல்ல, சாட்சி நேரத்தில் அல்ல.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் நாட்களில் நடந்ததையும் கேளுங்கள். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆலயக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று வைத்து, வாரம் ஆளுக்கு ஒரு பென்னிக் காசு வசூலிப்பது என்று ஏற்பாடு. அந்த யோசனையைச் சொன்னவர் மிக ஏழையான பதினொரு பேரைத் தன் கணக்கில் கேட்டு வாங்கி, அவர்களால் முடியாததைத் தானே கொடுப்பதாகச் சொன்னார். காசுக்காக வீடு வீடாகப் போனவர்கள், உள்ளே யார் எப்படி வாழ்கிறார்கள் என்று கண்டார்கள். அப்புறம் அது வாரந்தோறும் ஒருவரையொருவர் விசாரித்துத் தாங்கும் கூட்டமாகவே மாறியது. அதற்கும் முன்பு, 1738இல், இன்னும் சிறிய குழுக்களுக்கு அவர் எழுதிய விதியில், யாராவது ஒருவர் முதலில் தன் நிலைமையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்க வேண்டும். கேட்கிறவர் முதலில் திறந்து காட்டினால் வம்புக்கு அங்கே என்ன வேலை?

போன வியாழன் நான் முந்திக்கொண்டேன். "அக்கா, மருமகளிடம் கோபப்படுவதாகச் சொன்னீர்களே, இந்த வாரம் எப்படி?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நேற்றுகூட விழுந்தேன், ஜெபம் பண்ணு" என்றார். அங்கேயே முழங்கால் போட்டோம்.

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே. நன்றி.